காரைக்குடியிலிருந்து ஓமானுக்கு: ஒரு குழுச் சுற்றுலாச் சேவையின் மதிப்பீடு

காரைக்குடியில் இயங்கும் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்திய ஓமான் குழுச் சுற்றுலாவில் சென்று வந்ததை வைத்து இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும் இதே திட்டத்தைச் சிறுசிறு மாற்றங்களுடன் விற்பவர்கள் இருப்பதாலும், இங்கே சொல்லப்படும் குறைகளும் நிறைகளும் பெரும்பாலும் அத்திட்டத்திற்கே உரியவை என்பதாலும் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அரபு நாடொன்றுக்கு முதன்முறையாகச் செல்லும் குடும்பத்தினர், குறிப்பாக அறுபதைக் கடந்த பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், இந்தச் சேவைக்குப் பணம் கொடுக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் எந்தெந்த இடங்களைக் காட்டுவது என்பதை நன்கு அறிந்திருக்கும் இவர்கள், அவற்றை எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் காட்டுவது என்பதை அறியாமல் திட்டம் தீட்டுகிறார்கள். நாளையும் நேரத்தையும் கவனிக்காமல் ஓமானைப் பார்க்கப் போனால், பாதி இடங்களில் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

பயணக் காலத்திலிருந்தே தொடங்குகிறேன். ஓமானில் வெயில் தாங்கும்படியாக இருப்பது நம் ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களில்தான். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போகலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். மே, ஜூன் மாதங்களில் தலைநகர் மஸ்கட்டின் வெப்பம் நம்மூர் அக்னி நட்சத்திரத்தையே மிஞ்சும். தைப்பூசப் பாதயாத்திரைக்குச் செல்பவர்கள் குழுவில் மிகுதி என்பதால், அலுவலகத்தார் அதற்கு இடையூறில்லாமல் தேதி குறித்திருந்தார்கள்; அந்த அளவில் ஊரின் நாடியை அறிந்தவர்கள். எனினும், அவர்கள் கையேட்டில் ரமலானைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முன்னதாகவே வந்துவிடுவதால், இப்போது அது சரியாகச் சுற்றுலாப் பருவத்திற்குள் வந்து நிற்கிறது. 2027ஆம் ஆண்டில் பிறையைப் பொறுத்து பிப்ரவரி இரண்டாம் வார அளவில் தொடங்கும். அம்மாதத்தில் பகற்பொழுதில் பொது இடத்தில் உண்பதும் நீர் அருந்துவதும் எந்தச் சமயத்தவருக்கும் சட்டப்படி கூடாது. உணவகங்களில் பெரும்பாலானவை மாலை வரை மூடியிருக்கும். அலுவலக நேரமும் குறையும். மாலையில் நோன்பு திறந்தபின் ஊர் விழித்தெழும் அழகைப் பார்க்க விரும்புபவர்கள் அறிந்தே போகலாம். சர்க்கரை நோய்க்காக வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டியவர்களை அறியாமல் அழைத்துச் செல்வதுதான் தவறு.

ஆவண வேலையை அலுவலகத்தார் குறையில்லாமல் செய்தார்கள். ஓமானுக்கான விசாவை அந்நாட்டுக் காவல்துறையின் இணையதளத்தில் மின்விசாவாகவே பெறலாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். இணையத்தில் பழகியவர்கள் இதற்காக யாரையும் நாட வேண்டியதில்லை. இவர்கள் உண்மையில் உதவியது வேறோரிடத்தில். பத்தாம் வகுப்பு முடிக்காத பெண்கள் சிலருடைய கடவுச்சீட்டு, குடியேற்றச் சரிபார்ப்பு தேவைப்படும் இ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது, ஓமான் அச்சரிபார்ப்புக்குரிய நாடுகளின் பட்டியலில் உள்ளது. வேலைக்கன்றிச் சுற்றுலாவுக்குச் செல்பவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்றாலும், திரும்பும் பயணச்சீட்டு, விசா, விடுதி முன்பதிவு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் கையில் இல்லாவிட்டால் குடியேற்ற மேசையில் கேள்விகள் நீளும். அத்தாள்களை ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையிலிட்டுக் கொடுத்து, திருச்சி விமான நிலையத்திலும் அலுவலகத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் உடனிருந்தார். தனியாகச் சென்றால் தடுமாறியிருக்கக்கூடிய ஆச்சிமார்கள் எவ்விதப் பதற்றமும் இல்லாமல் உள்ளே சென்றார்கள்.

பெட்டி கட்டுவது பற்றிய அறிவுரையில்தான் பெருங்குறை. சீடையும் முறுக்கும் மணகோலமும் இல்லாமல் செட்டிநாட்டுக் குடும்பம் எதுவும் வெளியூர் புறப்படாது என்பதால், "தின்பண்டம், பொடி வகைகள் எடுத்துக்கொள்ளலாம்" என்று கையேட்டில் தாராளமாக அச்சிட்டிருந்தார்கள். கசகசாவைப் பற்றிய எச்சரிக்கை அதில் இல்லை. நம் குருமா மசாலாவில் இயல்பாகச் சேரும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், சவுதி அரேபியா போன்ற நாடுகளில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட பொருள். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறி ஓமானுக்குச் செல்பவர்கள் அதைப் பெட்டியில் வைத்திருப்பது வீண் வம்பு. வளைகுடாவில் எந்த நாட்டிற்குச் செல்வதாக இருந்தாலும் கசகசாவையும், அது சேர்ந்த மசாலாப் பொடியையும் வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் அறிவுடைமை. மருந்துகளுக்கும் இதே கவனம் வேண்டும். டிராமடால், கோடீன் கலந்த வலி நிவாரணிகளும் இருமல் மருந்துகளும், சில தூக்க மாத்திரைகளும் அந்நாடுகளில் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் உள்ளவை. மாத்திரைகளைச் சிறு டப்பாக்களில் பிரித்துப் போடும் வழக்கத்தை விட்டு, அட்டையோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் கொண்டு செல்ல வேண்டும்.

மஸ்கட்டில் இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். அங்குள்ள மின்செருகிகள் மூன்று தட்டையான ஊசிகள் கொண்ட பிரிட்டிஷ் வகையைச் சேர்ந்தவை. நம் உருண்டை ஊசிச் செருகி அதில் நுழையாது என்பதால், அதற்கான மாற்றியை ஊரிலேயே வாங்கிச் செல்வது நல்லது. ஓமன்டெல், ஊரிடூ ஆகிய நிறுவனங்களின் சுற்றுலாச் சிம் விமான நிலையத்திலேயே கிடைக்கிறது. வாட்ஸ்அப் செய்தி சிக்கலின்றிச் செல்லும் என்றாலும், அதில் குரல்வழிப் பேசுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலை முதல் நாள் காலையில் காட்டினார்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சனி முதல் வியாழன் வரை, காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை மட்டுமே அங்கே அனுமதி. பத்தரை மணிக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியதால், அரை மணி நேரத்தில் ஓடியோடிப் பார்க்க நேர்ந்தது. 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அக்கட்டடத்திற்கு மூன்று லட்சம் டன் இந்திய மணற்கல் சென்றிருக்கிறது. தொழுகைக் கூடத்தை நிறைக்கும் ஒற்றைக் கம்பளத்தை ஈரானியப் பெண்கள் அறுநூறு பேர் நான்கு ஆண்டுகள் நெய்திருக்கிறார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வரவழைத்து வீடு கட்டியவர்களின் வழிவந்தவர்களுக்கு இத்தகைய கணக்குகளில் தனி ஈடுபாடு உண்டு. எங்கள் குழுவில் கம்பளத்தின் ஓரத்தை விட்டு நகராத பெரியவர்கள் சிலர் இருந்தார்கள்.

உடை பற்றிக் கேட்டபோது, "சுடிதார் போதும், ஆச்சி" என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அது போதாது. பெண்கள் தலைமுடி, மணிக்கட்டு வரையிலான கை, கணுக்கால் வரையிலான கால் ஆகியவற்றை மறைத்திருக்க வேண்டும். சேலை கட்டியவர்களுக்கு இடுப்பும் கையும் தெரிவதால், வாயிலில் வாடகைக்குக் கிடைக்கும் அபாயா என்னும் நீள அங்கியை வாங்கி அணிந்துதான் உள்ளே செல்ல முடிந்தது. அதற்கான வரிசையில் பொன்னான பத்து நிமிடம் கரைந்தது. முழுக்கை வைத்த நீளமான மேலாடை, தளர்ந்த கால்சட்டை, ஒரு பெரிய துப்பட்டா ஆகியவை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆண்களும் அரைக்கால் சட்டையைத் தவிர்க்க வேண்டும். பள்ளிவாசலுக்கு வெளியே, நகரத் தெருக்களில், சேலை கட்டிய பெண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தியர்கள் அங்கே அவ்வளவு பேர் வாழ்கிறார்கள்.

இந்தச் சுற்றுலாவின் உண்மையான மதிப்பு எங்களுக்கு அமைந்த ஓமானிய ஓட்டுநரிடம் இருந்தது. இந்தி சரளமாகப் பேசிய அவர், எங்களுடன் வந்த குழு மேலாளருக்குத் தெரியாத பலவற்றையும் அறிந்திருந்தார். வாதி ஷாப் என்னும் பள்ளத்தாக்கிற்குச் செல்லவிருந்த நாளில், எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தபோதும், தொலைவில் மலைமேல் திரண்டிருந்த மேகத்தைக் காட்டி அங்கே போக மறுத்துவிட்டார். வாதி என்பது பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஆற்றுப் பள்ளம். எங்கோ மலையில் பெய்யும் மழை, பாறையில் ஊறாமல் திரண்டு, பெய்த இடத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள பள்ளத்தில் சில நிமிடங்களில் வெள்ளமாகப் பாயும். ஓமானில் இவ்வெள்ளத்தில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. பணம் கட்டிய இடத்தைக் காட்ட வேண்டும் என்று குழு மேலாளர் வாதாடியதுதான் எனக்கு வியப்பளித்தது. தனியாக வாகனம் எடுத்துச் செல்பவர்கள், சாலையின் குறுக்கே நீர் ஓடினால் எவ்வளவு ஆழம் குறைவாகத் தோன்றினாலும் இறங்கக் கூடாது. அவசர உதவிக்கு அந்நாட்டில் 9999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நிஸ்வாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்தப் பழைய தலைநகரை, திட்டத்தில் சனிக்கிழமைக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் நிஸ்வாவின் கால்நடைச் சந்தை கூடுவது வெள்ளிக்கிழமை காலையில். வெள்ளியன்று பெரிய பள்ளிவாசலில் நமக்கு அனுமதியில்லை. மஸ்கட்டின் கடைவீதியும் அன்று காலையில் உறங்கும். தலைநகரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அந்தக் காலையை நிஸ்வாவுக்குக் கொடுப்பதே முறை என்பது காலண்டரைப் பார்த்த எவருக்கும் விளங்கும். குழுவில் சிலர் வற்புறுத்தி, ஓட்டுநரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நாளை மாற்றினார்கள். விடியலுக்கு முன் புறப்பட்டதால் சந்தை சூடு பிடித்திருந்த நேரத்தில் அங்கே இருந்தோம். வட்டமான திடலில் விற்பவர்கள் ஆடுகளைக் கயிற்றில் பிடித்துச் சுற்றி வர, உள்ளும் புறமும் அமர்ந்திருப்பவர்கள் கையை நீட்டி நிறுத்தி, பல்லையும் மடியையும் பார்த்து விலை பேசுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கே படம் எடுக்கலாம். ஆனால் மலைப்பகுதியிலிருந்து ஆடு விற்க வரும் பெண்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அரசு, இராணுவக் கட்டடங்களையும் எங்குமே படம் எடுக்க வேண்டாம்.

சந்தைக்கு அருகிலேயே உள்ள கோட்டை, போர்த்துக்கீசியரை 1650இல் மஸ்கட்டிலிருந்து விரட்டிய இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது. அதன் பெரும் வட்டக் கோபுரத்திற்குச் செல்லும் படிக்கட்டு வளைந்து வளைந்து ஏறுகிறது. கதவுகளுக்கு மேலே திறப்புகள் விட்டு, நுழையும் பகைவர்மேல் கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்றும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பாகு எப்படிச் சேர்ந்தது என்பதைக் கீழேயுள்ள கிடங்கில் காணலாம்: பேரீச்ச மூட்டைகளை அடுக்கி வைத்தால், அவற்றின் பாரத்திலேயே வடியும் சாறு தரையிலுள்ள வாய்க்கால்களின் வழியே ஒரு குழியில் சேரும். படிகள் உயரமானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் முற்றத்தோடு நின்றுகொள்ளலாம்.

திரும்பும் வழியில் ஃபலஜ் தாரிஸ் என்னும் நீர்க்கால்வாயை, திட்டத்தில் இல்லாதபோதும், ஓட்டுநர் காட்டினார். யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த ஐந்து ஃபலஜ்களுள் இது ஒன்று. நிலத்தடி நீரை எந்திரமின்றி, நிலத்தின் சரிவை மட்டுமே நம்பி ஊருக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு தோட்டத்திற்கும் நேரக் கணக்கில் பங்கிடுகிறார்கள். பகலில் நிழற்கடிகாரத்தையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து அந்தக் கணக்கை வைத்திருந்த காலமும் உண்டு. முற்றத்தில் விழும் மழையைக்கூட வீணாக்காமல், ஊருக்கு ஊர் ஊரணி வெட்டி வைத்த பகுதியிலிருந்து வருபவர்களுக்கு இதைக் காட்டுவதை விட்டுவிட்டு, அதே நேரத்தைப் பெரிய அங்காடி ஒன்றில் செலவழிக்கத் திட்டமிட்டிருந்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மஸ்கட்டின் மத்ரா சூக் என்னும் கடைவீதி விஷயத்திலும் நேரக் குளறுபடிதான். பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே இறக்கிவிட்டார்கள். கடைகள் பெரும்பாலும் மதியம் ஒரு மணியளவில் மூடி, நான்கு மணிக்குப் பிறகே திறக்கும். திறந்திருந்த சில கடைகளுள் ஒன்றுக்குக் குழு மேலாளர் எங்களை நேராக அழைத்துச் சென்றதற்குக் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலையில் சிலர் சொந்தச் செலவில் திரும்பச் சென்றபோதுதான் உண்மையான கடைவீதியைக் கண்டோம். லுபான் எனப்படும் ஓமானியச் சாம்பிராணியை அங்கே தரம் பிரித்து விற்கிறார்கள். கண்ணாடிபோல் வெளுத்தும் இளம்பச்சை படர்ந்தும் இருக்கும் ஹோஜரி வகைதான் உயர்ந்தது. முதலில் சொல்லும் விலையில் நிற்க வேண்டாம். பேரம் பேசுவது அங்கே வழக்கம்தான், ஆனால் குரலை உயர்த்தாமல் பேச வேண்டும். தங்கம் வாங்க எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி: வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புபவர்களுக்கே உரியது, சுற்றுலா சென்றவர்களுக்கு அது பொருந்தாது.

பணக் கணக்கிலும் கவனம் வேண்டும். ஒரு ரியாலின் மதிப்பு இருநூறு ரூபாய்க்கு மேல். அதில் ஆயிரம் பைசா. விலைப்பட்டியலில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் இருக்கும். 1.500 என்பது ஒன்றரை ரியால். எண் சிறிதாக இருப்பதால் விலையும் சிறிதென்று மனம் ஏமாறும்.

மஸ்கட் அரண்மனைக்கு அருகிலுள்ள மோதீஸ்வரர் சிவன் கோயிலைத் திட்டத்தில் சேர்த்திருந்தது பாராட்டத்தக்கது. வணிகம் செய்யப் போன இடத்தில் குஜராத்தியர் வளர்த்த கோயில் அது. மலேயாவிலும் பர்மாவிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய மரபினர் அங்கே நெகிழ்ந்து நின்றதில் வியப்பில்லை. காலையிலும் மாலையிலும்தான் நடை திறந்திருக்கும். இந்த ஓரிடத்தில் மட்டும் அலுவலகத்தார் நேரத்தைச் சரியாகக் கணித்திருந்தார்கள்.

உணவைப் பொறுத்தவரை, விடுதியின் காலை உணவும் ருவி பகுதியிலுள்ள இந்திய உணவகங்களும் சைவர்களுக்குப் போதுமானவை. ஆனால் எல்லா வேளையும் இந்திய உணவையே கொடுத்தது சேவையின் குறை என்பேன். மசாலா தடவி, இலையில் பொதிந்து, மண்ணுக்குள் ஒரு நாளுக்கு மேல் வேகவிடும் ஷுவா இறைச்சி பெருநாள் உணவு. மஸ்கட்டில் சில உணவகங்களில் எப்போதும் கிடைக்கிறது. மிளகும் பட்டையும் அறிந்த நம் நாக்குக்கு அது அந்நியமாக இராது, மிளகாய்க் காரத்தை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. யாராவது ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்னும் காப்பியும் பேரீச்சம்பழமும் நீட்டினால் வலக்கையால் வாங்க வேண்டும். போதுமென்றால் கோப்பையை இலேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டாமல் கொடுத்தால் மீண்டும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கட்டணத்தில் அடங்காதவற்றை முன்கூட்டிச் சொல்லாததுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. ஜபல் அக்தர் மலைக்கு நான்கு சக்கர இயக்க வாகனங்களைத் தவிர வேறெதையும் அடிவாரக் காவல் சாவடியில் விடுவதில்லை. எங்கள் பேருந்து அங்கே நின்ற பிறகுதான், மேலே செல்ல ஜீப்புக்குத் தனிப்பணம் என்றார்கள். விளம்பரத் தாளில் அம்மலையின் ரோஜாத் தோட்டம் பூத்துக் குலுங்கியது. ரோஜா அங்கே பூப்பது பங்குனி, சித்திரையில், நாங்கள் போனதோ மார்கழியில். ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் பச்சை ஆமைகள் முட்டையிட வருவதைக் காணும் இரவு நடைக்கும் முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. இருட்டில் மணலில் நடக்க வேண்டும் என்பதையும் முதியவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முன்பணம் கட்டுமுன் நாள்வாரித் திட்டத்தைக் கிழமையும் மணியும் குறித்து எழுதித் தரச் சொல்லி, ஒவ்வொரு இடத்திற்கு எதிரேயும் கட்டணம் உள்ளடங்கியதா, தனியா என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்கும்போது டி.சி.எஸ். என்னும், விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வரியையும் சேர்த்து வசூலிக்கிறார்கள். இது கூடுதல் செலவன்று. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டியிராதவர்கள் திரும்பப் பெறலாம். அதற்கான வரிச் சான்றிதழைத் தாமாகக் கொடுக்கும் வழக்கம் இந்த அலுவலகத்தில் இல்லை. கேட்டவர்களுக்கு மட்டும், இரண்டொரு முறை நினைவூட்டிய பிறகு, கொடுத்தார்கள். குடும்பத்தில் ஒருவர் பெயரில் மொத்தப் பணத்தையும் கட்டினால் வரவும் அவர் பெயரிலேயே விழும் என்பதால், யாருடைய பான் எண்ணைக் கொடுப்பது என்பதைப் பணம் கட்டும் அன்றே முடிவு செய்துகொள்ள வேண்டும்.